மெஷ் நெட்வொர்க்கில் போர்டு காணாமல் போகிறதா?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட், இமெயில், கேம்ஸ் எல்லாம் பழகிய பின், "இதனை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி பலருக்கும் எழும். அவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு மைக்ரோ கண்ட்ரோலர் போர்டுகள். உள்ளங்கையில் அடங்கும் போர்டு ஒன்றில் புராசசர், மெமரி, வைஃபை மூன்றும் இருக்கும். இதனை யுஎஸ்பி போர்ட்டில் இணைத்து, ஆர்டுயினோ என்ற இலவச சாப்ட்வேர் மூலம் புரோகிராம் எழுதி ஏற்றலாம். சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014ல் கொண்டு வந்த இஎஸ்பி 8266, 2016ல் வந்த இஎஸ்பி 32 ஆகிய சிப்கள் உள்ள போர்டுகள் இதில் மிகவும் பிரபலம்.

மெஷ் என்றால் என்ன?

வழக்கமான வைஃபையில் எல்லாக் கருவிகளும் ஒரே ரௌட்டருடன் பேசும். மெஷ் நெட்வொர்க்கில் போர்டுகள் தங்களுக்குள் பேசிக் கொள்ளும். மாடியில் உள்ள போர்டின் சிக்னல் கீழே எட்டாவிட்டால், நடுவில் உள்ள போர்டு அந்தச் செய்தியை வாங்கிக் கீழே அனுப்பும். பெயின்லெஸ் மெஷ் என்னும் இலவச லைப்ரரி இந்த வேலையைக் கவனித்துக் கொள்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று போர்டுகள் உள்ளன. மொட்டை மாடித் தொட்டியின் நீர் மட்டத்தை ஒன்று அளக்கிறது. படிக்கட்டில் உள்ளது செய்தியைக் கடத்துகிறது. மூன்றாவது கீழே மோட்டார் அருகே இருக்கிறது. மாடி போர்டு பேசாமல் நின்றால், தொட்டி நிரம்பி வழிவது கீழே தெரியாது. போர்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறியும் முன், கீழ்க்கண்ட வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

1. கரண்ட்: இந்த சிப்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. வைஃபையில் செய்தி அனுப்பும் கணத்தில் மின்தேவை சட்டென உயரும். எனவே 500 மில்லி ஆம்பியராவது தரும் சப்ளை வேண்டும். மெல்லிய, நீளமான கேபிளில் வோல்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆகிவிடலாம். அதே கேபிளைக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஆர்டுயினோவில் டூல்ஸ் மெனு மூலம் சீரியல் மானிட்டரைத் திறக்கவும். வேகத்தை உங்கள் புரோகிராமில் உள்ளபடி, பெரும்பாலும் 115200 என, அமைக்கவும். இஎஸ்பி 32 போர்டில் "பிரவுன் அவுட்" என்ற செய்தி வந்தால், பிரச்னை கரண்டில்தான். தடித்த, குட்டையான கேபிளாக மாற்றவும். கம்ப்யூட்டர் போர்டையே காட்டவில்லை எனில், அது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளாக இருக்கலாம்.

2. பெயர், பாஸ்வேர்ட்: மெஷ் பெயர், பாஸ்வேர்ட், போர்ட் எண் மூன்றும் எல்லா போர்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் உண்டு. பாஸ்வேர்டில் 8 எழுத்துகளாவது தேவை.

3. சேனல்: போர்டில் இருப்பது ஒரே ரேடியோ. ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களில் அதனால் இருக்க முடியாது. மெஷ்ஷை வீட்டு ரௌட்டருடன் இணைத்திருந்தால் இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். ரௌட்டரில் சேனல் "ஆட்டோ" என இருந்தால், கரண்ட் போய் வந்ததும் அது வேறு சேனலுக்குத் தாவிவிடலாம். நேற்று வரை ஓடியது இன்று ஓடாததற்கு இது ஒரு முக்கிய காரணம். ரௌட்டர் செட்டிங்ஸ் சென்று 1, 6, 11 இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புரோகிராமிலும் அதே எண்ணைத் தரவும். ரௌட்டரின் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியையே பார்க்கவும். இந்த இரு சிப்களும் 5 கிகா ஹெர்ட்ஸில் பேசாது.

4. புரோகிராம்: லூப் பகுதியில் "டிலே" கட்டளை உள்ளதா எனப் பார்க்கவும். போர்டு அதில் காத்திருக்கும் நேரத்தில் மெஷ் வேலை நடக்காது. காத்திருப்பு நீண்டால், மற்ற போர்டுகள் இணைப்பு அறுந்ததாக முடிவு செய்துவிடும். பதிலாக, லைப்ரரியுடன் பயன்படும் டாஸ்க் ஷெட்யூலரைப் பயன்படுத்தவும்.

5. இடம்: இரும்புப் பெட்டி சிக்னலைத் தடுக்கும். தண்ணீரும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் சிக்னலை உறிஞ்சும். தொட்டி நிரம்ப நிரம்ப இணைப்பு பலவீனமானால், தொட்டி நடுவில் மறைக்காதபடி போர்டை இடம் மாற்றவும்.

எது காரணம் என்று புரியவில்லையா? இரண்டு போர்டுகளை மட்டும் மேஜையில் வைத்து, லைப்ரரியுடன் வரும் மாதிரி புரோகிராமை ஏற்றவும். அவை பேசினால் போர்டுகளில் பழுதில்லை. பிறகு ஒவ்வோர் அறையாகத் தள்ளி வைத்துச் சோதிக்கவும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்திடவும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு கவனித்தாலும் வயர்லெஸ் இணைப்பு என்றாவது அறுந்தே தீரும். அதனால் கீழே உள்ள போர்டில், "ஒரு நிமிடம் செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்து" என்று எழுதி வைத்திருக்கிறேன். மோட்டார் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பழைய சுவிட்ச்சையும் கழற்ற வேண்டாம். மெஷ் படுத்துவிட்டாலும், அன்றைக்கு வீட்டில் தண்ணீர் வர வேண்டுமே!