பிரேக் ஆயில் எண்ணெயன்று

இரு பருவமழைகளும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், அதிலும் பழையாறு பாயும் சுசீந்திரத்தில், ஈரக்காற்றுக்குக் குறைவில்லை. கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று. ‘பிரேக் ஆயில்’ என நாம் வழங்குவது எண்ணெயன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம். புதிய ‘டாட் 3’ திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டாலோ 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொடைக்கானல் சலேத் அன்னை ஆலயத்திற்குச் சென்று மலையிறங்குகையில் இடைவிடாது மிதித்தால் பிரேக் சூடேறி, திரவம் ஆவியாகும். அடைபட்ட திரவம் அழுத்தத்தை எங்கும் குறையாமல் கடத்தும் என்பது பாஸ்கல் கண்ட விதி. ஆவியோ அமுங்கிப்போகும், மிதி தரைமட்டும் இறங்கும், வண்டி நில்லாது.

மாதமொருமுறை திரவத்தின் அளவை வீட்டிலேயே பார்க்கலாம். மூடியைத் துடைத்த பின்பே திறக்க வேண்டும். குறைந்திருப்பின் நிரப்பிவிட்டு வாளாவிருத்தல் தகாது. கசிவுண்டோ, லைனிங் தேய்ந்ததோ என ஆராய்க. என்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றலாகாது. ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். சிக்கனம் நற்குணமே, ஆயினும் என்றோ திறந்த பழைய டப்பாவில் அதைக் காட்ட வேண்டா. ஈராண்டுக்கொருமுறை திரவம் முழுவதையும் மாற்றிக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுதல் வேண்டும். அது ஒருவர் மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூடும் வேலை. பழகியவர் உடனில்லையேல் ஒர்க்‌ஷாப்புக்கே செல்க. அன்னையை நாடி மலையேறுவோர் இதனைப் பயணத்தின் முந்திய நாளிலன்று, முந்திய வாரமே முடித்துக்கொள்க.