டிசி புத்தகத்துக்குள் ஒரு மென்பொருள்

சொந்தமாய் ஒரு பொருள்: தொடர் – 9

வேலையை எப்போது விடலாம் என்று சென்ற வாரம் பேசினோம். கையில் எவ்வளவு சேமிப்பு இருக்க வேண்டும், வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருப்பவர் என்ன செய்வது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எந்தப் பத்தியை முதலில் படிப்பது என்றெல்லாம் பார்த்தோம். இந்த வாரம் அதைவிட அடிப்படையான கேள்வி. எதைச் செய்வது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடு. சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை. கம்பெனி பஸ் மதுரவாயல் பைபாஸைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். இப்படிப் பத்து வருடம் ஓட்டிய புரோகிராமர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு மென்பொருள் செய்து, வீட்டிலிருந்தோ சொந்த ஊரிலிருந்தோ அதைக் கவனித்துக்கொண்டு பிழைக்கலாம் என்ற ஆசை அவர்களில் பலருக்கு உண்டு. திறமையும் உண்டு. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் பெரும்பாலும் மனதில் வருவது, இன்னொரு புரோகிராமருக்குத் தேவைப்படும் பொருள்தான். செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்க ஒரு ஆப், நேரத்தைக் கணக்குப் பார்க்க ஒரு ஆப். உலகத்தில் உள்ள புரோகிராமர்கள் அத்தனை பேரும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வேறொரு உலகம் இருக்கிறது. அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு பழைய கதை. 1980களில் பெங்களூரில் எஸ்.எஸ். கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் வியாபாரக் கணக்கைப் பார்க்க ஏற்ற மென்பொருள் அவருக்குக் கிடைக்கவில்லை. அன்றைய மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கும். வாடிக்கையாளரின் பெயர் தெரிந்தால் போதாது, அவருக்குரிய எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவன் ஏன் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது அவருடைய எரிச்சல். மகன் பரத் கோயங்காவை உட்காரவைத்து, பெயரைக்கொண்டே கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றைச் செய்யச் சொன்னார். 1986இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பொருளைத்தான் இன்று டேலி என்கிறோம். இந்தியாவில் எந்த ஊர் ஆடிட்டர் அலுவலகத்துக்குள் போனாலும் அதைப் பார்க்கலாம். பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தத் தந்தையின் எரிச்சல். அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட மேசையில், தினமும் வந்த எரிச்சல். நல்ல பொருள்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

அந்த எரிச்சல் எங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது? அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் அரசு அமைத்தது. டிஐ சைக்கிள்ஸ் அதற்கு முன்பே, 1949இல், அம்பத்தூருக்கு வந்துவிட்டது. டன்லப் வந்தது, ஆவடியில் டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைகள் தொழிற்பேட்டை முழுக்க நிறைந்தன. டன்லப் ஆலை மூடிக்கிடக்கிறது, பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பட்டறைகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. பாடியிலிருந்து அத்திப்பட்டு வரை, திருமுல்லைவாயில் பெண்கள் தொழிற்பேட்டை உட்பட, லேத்தும் சிஎன்சியும் பிரஸ்ஸும் ஓடாத தெரு குறைவு.

ஒரு பீஸ் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ராடு வாங்குவது ஒரு கம்பெனி. டர்னிங் ஓரிடம், மில்லிங் இன்னோரிடம், ஹீட் ட்ரீட்மென்ட் வேறிடம், கிரைண்டிங் பக்கத்துத் தெரு, பிளேட்டிங் நாலு தெரு தள்ளி. ஒவ்வொரு முறையும் மெட்டீரியல் ஒரு குட்டி யானையில் ஏறி இறங்குகிறது. ஏறும்போதெல்லாம் ஒரு டெலிவரி சலான், அதாவது டிசி, எழுதியாக வேண்டும். சட்டப்படி மூன்று பிரதி: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று. பல இடங்களில் இன்றும் கார்பன் வைத்துக் கையால்தான் எழுதுகிறார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர மேசை, அதன்மேல் ஆயில் கறை படிந்த டிசி புத்தகம், பக்கத்தில் திரும்பி வந்த சலான்களைக் குத்திவைக்கும் கம்பி. மூன்றாவது பிரதியில் எழுத்து பாதிதான் விழுந்திருக்கும். 6 என்று எழுதியது 0 போலத் தெரியும்.

500 பீஸ் பிளேட்டிங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை 320 வருகிறது. சனிக்கிழமை 150. பன்னிரண்டு ரிஜெக்‌ஷன். மீதி பதினெட்டு எங்கே? வேறொரு டிசியில் சேர்ந்து வந்துவிட்டதா, பிளேட்டிங் கடையின் மூலையில் டப்பாவில் கிடக்கிறதா, எண்ணும்போதே தவறிவிட்டதா? இத்தனைக்கும் இது ஒரு ஐட்டம், ஒரு இடம். நாற்பது ஐட்டம் எட்டு இடங்களில் ஒரே சமயத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

“வெளிய எவ்ளோ நிக்குதுப்பா?”

“பார்த்துச் சொல்றேன் சார்.”

சூப்பர்வைசர் பார்த்துச் சொல்லச் சாயங்காலம் ஆகிவிடும்.

முன்பு இது முதலாளிக்கும் ஜாப் ஒர்க் செய்பவருக்கும், அதாவது கூலிக்கு வேலை முடித்துக்கொடுப்பவருக்கும், இடையிலான கணக்கு மட்டும். 2017இல் ஜிஎஸ்டி வந்தபிறகு அரசுக்கும் அது வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால், அல்லது அங்கிருந்தே விற்கப்படவில்லை என்றால், அனுப்பிய அன்றே விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வரி கட்ட வேண்டும். இயந்திரங்களுக்கு மூன்று வருடம். போனது, வந்தது எல்லாவற்றையும் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கின் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் வேறு. ஸ்கிராப் கணக்கு தனி. ராடாகப் போன எடையும் பீஸாக வந்த எடையும் ஒன்றாக இருக்காது. வித்தியாசம் முழுக்க டர்னிங் ஸ்கிராப்தானா, அந்த ஸ்கிராப் திரும்பி வந்ததா, ஜாப் ஒர்க் செய்பவரே விற்றுக்கொண்டாரா என்று யாராவது எழுதிவைக்க வேண்டும்.

“இதெல்லாம் டேலியிலேயே இருக்கே” என்று நீங்கள் சொல்லலாம். உண்மை, இருக்கிறது. ஆனால் டேலி இருப்பது மாடியில், அக்கவுன்ட்ஸ் அறையில். பதினெட்டு பீஸ் காணாமல் போவது கீழே, கேட் பக்கத்தில். மாதக் கடைசியில் டிசிக் கட்டு மாடிக்குப் போகும்போது அந்தப் பதினெட்டைக் கேட்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துபோயிருக்கும். பெரிய ஈஆர்பி மென்பொருள்கள் இதைச் செய்யும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் அந்த விலையும் கொடுக்க முடியாது, அதை ஓட்ட ஆளும் வைக்க முடியாது. மாடிக்கும் கேட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அங்கே வைக்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தத் தகர மேசையே சொல்லிவிடும். எழுதுகிறவர் கையில் ஆயில் இருக்கும். நிறைய டைப் செய்யமாட்டார். டிசியைப் போனில் படம் எடுத்து, எண்ணிக்கையை மட்டும் பெரிய பெரிய எண் பட்டன்களில் தட்டினால் வேலை முடிந்துவிட வேண்டும். தகர ஷெட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போகும். நெட் இல்லாதபோதும் பதிவாகி, வந்ததும் தானாகப் போய்ச் சேர வேண்டும். திரையில் தமிழ் வேண்டும், அதுவும் பட்டறைத் தமிழ். ‘நிராகரிக்கப்பட்டவை’ என்று போட்டால் யாருக்கும் புரியாது, ‘ரிஜெக்‌ஷன்’ என்றே போடுங்கள். முதலாளிக்கு ஒரே ஒரு திரை போதும்: எங்கே, எத்தனை, எத்தனை நாளாக நிற்கிறது. ஒரு வருடக் கெடு நெருங்கும் டிசிகள் மேலே வரட்டும்.

எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற கனவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறைய. ஃபிரெஷ்டெஸ்க்கைச் சென்னையிலிருந்து கிரிஷ் மாத்ருபூதம் 2011இல் வெளியிட்டபோது முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்த அட்வெல் கல்லூரி. 2021இல் அந்தக் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது. தூரம் ஒரு பொருட்டே இல்லை என்பதற்கு இதைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். அதற்கு முன் கிரிஷ் ஜோஹோவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்ததையும், ஹெல்ப்டெஸ்க் மென்பொருள்களையே அங்கே வளர்த்ததையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. வாடிக்கையாளர் பெர்த்தில் இருந்தாலும், அவருடைய தேவை கிரிஷ் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியதுதான். ஜோஹோவின் கதையும் அப்படியே. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் திறந்தது 2011இல். அங்கே உருவான ஜோஹோ டெஸ்க்கை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். கம்பெனி தொடங்கியதோ 1996இல். கிராமத்துக்குப் போகுமுன் பதினைந்து வருடம் வாடிக்கையாளர்களோடு பழகியிருந்தார்கள். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோது, கணினியில் தமிழ் எழுத வேண்டும் என்பது அவருக்கே இருந்த தேவை. அதன் பயன் உலகத் தமிழர் அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆகவே என் யோசனை இது. முதல் ஒரு வருடம் அம்பத்தூரிலேயே இருங்கள். நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஐந்து பட்டறைகளைப் பிடியுங்கள். அதன்பிறகு நீங்கள் ஆவடியில் இருக்கிறீர்களா, ஆலங்குளத்தில் இருக்கிறீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் ராஜ்கோட்டிலும் இதே டிசி புத்தகம்தான், இதே சட்டம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒவ்வொரு முதலாளியும் “நமக்கு மட்டும் இதைக் கொஞ்சம் மாத்திக் குடு தம்பி” என்பார். நல்ல மனிதர், கையில் பணமும் வைத்திருப்பார், மறுக்க மனம் வராது. ஐந்து பேருக்கு ஐந்து விதமாக மாற்றிக்கொடுத்தால் உங்களிடம் பொருள் இருக்காது. நீங்களும் அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் இன்னொரு ஆளாகிவிடுவீர்கள், மணிக்கணக்குக்குக் கூலி வாங்கிக்கொண்டு. மூன்று பட்டறைகள் தனித்தனியாக ஒரே வசதியைக் கேட்கும்வரை கோடில் கை வைக்காதீர்கள். சுதந்திரம் போய்விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, எங்கிருந்தும் வேலை செய்யலாம், எப்போது வேண்டுமானாலும் செய்ய முடியாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11ஆம் தேதி, 3பி-க்கு 20ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்கள் பட்டறையும் ஆடிட்டரும் கணக்கை நோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நாள்களில் உங்கள் போன் எடுக்கப்பட வேண்டும். குற்றாலம் போவதானால் 21ஆம் தேதி கிளம்புங்கள்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள், எழுதும் கோடு யாருக்குச் சொந்தம் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் போட்டிருப்பதை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள். 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை வெளியே அனுப்பியது நினைவிருக்கும். அவர்கள் போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை செய்தார்கள் என்பது விப்ரோ சொன்ன காரணம். நம் விஷயம் அதுவல்ல என்றாலும், ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். கோடு எழுதாமலே இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் மூலம் ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்கக் கேட் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதப்படும் ஒவ்வொரு டிசியையும் பாருங்கள். எந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுகிறார்கள், எதை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். பென்சில் குறிப்புகளைத் தனியாக எழுதிவையுங்கள். விலை பேசும்போது அவை தேவைப்படும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)