செம்புக் குழாயை நசுங்காமல் வளைத்தல்

ஸ்பிளிட் ஏசியின் உள்ளே இருக்கும் பகுதியையும் வெளியே இருக்கும் பகுதியையும் இணைக்கும் இரண்டு செம்புக் குழாய்களும் சுவரைக் கடந்து, மூலைகளில் திரும்பியே தம் இடத்தை அடைகின்றன. அந்தத் திருப்பங்களில் எங்கேனும் குழாய் மடிந்து நசுங்கினால் தீங்கு உடனே தொடங்குகிறது: திரவம் செல்லும் மெல்லிய குழாயில் என்றால், நசுங்கிய இடத்தைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து, அங்கே வியர்வையோ உறைபனியோ படிந்து, அறைக்குரிய குளிர்ச்சி குறைகிறது, ஆவி திரும்பிவரும் தடித்த குழாயில் என்றால், வழி குறுகியதால் கம்ப்ரெசர் மிகையாக உழைக்க நேர்கிறது.

குழாய் ஏன் நசுங்குகிறது என்பதை ஒரு கணக்கே விளக்கிவிடும். அரை அங்குலக் குழாய், அதாவது 12.7 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட குழாய், 90 பாகைக்கு வளையும்போது வெளிப்பக்கச் சுவர் உட்பக்கச் சுவரைவிட ஏறத்தாழ 20 மி.மீ. நீளமாக வேண்டும், வளைவு அகலமானாலும் குறுகலானாலும் இந்த வேறுபாடு மாறுவதில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. குழாயின் மையக்கோடு 100 மி.மீ. ஆரத்தில் திரும்பினால் வெளிச்சுவர் சுமார் 6 விழுக்காடே நீளும். ஆரம் 50 மி.மீ. ஆனால் அது 13 விழுக்காடாகும், 25 மி.மீ. ஆனால் 25 விழுக்காட்டை எட்டும். அந்த அளவுக்கு இழுபடும் வெளிச்சுவர் மெலிந்து உள்நோக்கி இறங்க, நெருக்கப்படும் உட்சுவர் சுருக்கம் விழுந்து ஒதுங்க, வட்டமாக இருந்த குறுக்குவெட்டு முதலில் நீள்வட்டமாகி, பின்னர் ஒரே இடத்தில் திடீரென மடிகிறது. ஆகவே வளைப்பவர் எவ்வளவு வலுவுடன் வளைக்கிறார் என்பதைவிட, மெல்லிய சுவருக்கு எல்லாப் பக்கமும் தாங்கல் இருக்கிறதா என்பதே பெரிது.

செம்பின் பதமும் இதில் பங்கு கொள்கிறது. சுருளாக விற்கப்படும் ஏசிக் குழாய் ஏற்கெனவே காய்ச்சி ஆற்றி மென்மையாக்கப்பட்டது; ஆயினும் வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைக்க, அந்த இடம் இறுகிக்கொண்டே போய், இறுதியில் வளைவதற்கு மாறாக விரிசல் விடும். இறுகிய செம்பை மங்கிய செந்நிறம் தோன்றும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மென்மை திரும்பும். நீரில் அமிழ்த்தினாலும் எஃகைப் போல அது கடினமாவதில்லை. ஆனால் ஏசிக் குழாயை இப்படிச் சூடாக்கினால் உட்புறம் கருகிச் செதிலாகும் என்பதால், அதனை முதல் முயற்சியிலேயே சரியாக வளைப்பதுதான் முறை. சுருளிலிருந்து பிரிக்கும்போதும் பக்கவாட்டில் இழுக்காமல், முனையைத் தரையில் அழுத்திக்கொண்டு சுருளை உருட்டிச் செல்ல வேண்டும். வளைக்கத் தொடங்கும் முன்பே குழாய் நசுங்குவது பெரும்பாலும் அப்படி இழுக்கும் அவசரத்தால்தான்.

தாங்கல் தரும் கருவிகளுள் எளியது ஸ்பிரிங். குழாயின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பிரிங்கை வெளியே மாட்டி, முழங்காலில் வைத்துச் சிறிது சிறிதாக, பிடியை நகர்த்தியபடி வளைத்தால், குழாய் பக்கவாட்டில் விரியவும் வழியின்றி வட்டமாகவே திரும்பும். வேண்டிய கோணத்தைச் சற்றுத் தாண்டி வளைத்துப் பின் தளர்த்தினால் ஸ்பிரிங் எளிதில் கழன்றுவிடும். முனையை விரித்து ஃபிளேர் செய்வதற்கு முன்பே அதனைக் கழற்றியிருக்க வேண்டும். குறுகலான வளைவுக்கு நெம்புகோல் பெண்டரே ஏற்றது: அதன் பள்ளம் குழாயின் பாதி வட்டத்தை அணைத்துக்கொள்ள, எதிரே நகரும் ‘ஷூ’ என்னும் பகுதி மறுபாதியைத் தாங்குவதால், சுவர் எந்தப் பக்கமும் சாய இடம் பெறுவதில்லை. கையை எடுத்ததும் செம்பு ஓரிரு பாகை திரும்பி நிமிரும் என்பதால், அந்த அளவைச் சேர்த்தே வளைக்க வேண்டும்.

அலங்கார வேலைகளில் குழாய்க்குள் நன்கு உலர்ந்த மணலை நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து வளைக்கும் பழைய வழியும் உண்டு. மணலில் ஈரம் இருந்து, அதனைச் சூடாக்கவும் செய்தால், நீராவியின் அழுத்தம் அடைப்பைப் பீறிட்டெறியும் ஆபத்து இருக்கிறது. ஒரு மணல் துகள்கூட உள்ளே தங்கக் கூடாத ஏசிக் குழாய்க்கு இம்முறை அறவே ஆகாது.

மடிந்துவிட்ட குழாயை இடுக்கியால் அழுத்தி உருட்டித் திருத்துவது தவறு. வெளித்தோற்றம் சீரானாலும் இறுகிய மடிப்பில் விரிசல் காத்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி நீக்கி, புதுத் துண்டை வைத்து, உட்புறம் கருகாதிருக்க நைட்ரஜனை உள்ளே மெல்ல ஓடவிட்டபடி பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த சூட்டில் இணைப்பின் அருகிலுள்ள செம்பு மிக மென்மையாகி, சிறு வளைப்புக்கும் அங்கேயே மடியக்கூடும் என்பதால், புதுத் துண்டுக்குரிய வளைவுகளை எல்லாம் பற்றவைப்பதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.