ஷ்ஷ்… நரியை ஒளித்துவைக்கிறார்கள்!

போட்டி தொடங்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. மத்திய ஐரோப்பாவின் பைன் காடு ஒன்றில் இரண்டு பேர் முதுகுப்பையோடு ஓடையைத் தாண்டி, ஏற்கெனவே பார்த்துவைத்த மரத்தடிக்கு வந்து நிற்கிறார்கள். ஒருவர் கயிற்று நுனியில் சிறு எடையைக் கட்டி மேலே வீசுகிறார். கிளையில் பட்டுத் திரும்புகிறது. இன்னொரு வீச்சு. கச்சிதம்! கயிற்றை இழுக்க இழுக்க ஒரு மெல்லிய கம்பி செங்குத்தாக மேலே ஏறுகிறது. அதன் கீழ்முனை புதருக்குள் போகிறது. அங்கே ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு கடிகாரச் சுற்று, சில வாட் திறன் மட்டுமே உள்ள ஒரு டிரான்ஸ்மிட்டர். பெட்டியின்மேல் சருகைத் தள்ளிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று பார்க்கிறார்கள். தெரிகிறதா? தெரியவில்லை. பிரமாதம்!

அந்தப் பெட்டிக்குப் பெயர் நரி. அதைத் தேடி இன்னும் சற்று நேரத்தில் பலர் இந்தக் காட்டுக்குள் பாயப் போகிறார்கள், கையில் ஆன்டெனாவும் காதில் இயர்போனுமாக. ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலி அன்பர்களின் இந்த விளையாட்டுக்கு உலகெங்கும் நரி வேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. விதிமுறையோடு நடக்கும் போட்டிக்கு ஆங்கிலச் சுருக்கம் ஏஆர்டிஎஃப், அதாவது அமெச்சூர் ரேடியோ திசை கண்டறிதல். ஓடுகிறவர்களின் படம் எங்காவது கண்ணில் பட்டிருக்கலாம். ஒளிக்கிறவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் ஆட்டத்தின் ருசி முழுக்க இவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் இன்றைக்கு இவர்கள் பின்னாலேயே போவோம், வாருங்கள்.

முழுப் போட்டிக்கு ஐந்து நரிகள். ஐந்தும் ஒரே அலைவரிசையில் பேசும். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. முதல் நரி ஒரு நிமிடம் கூவிவிட்டு அடங்கும். உடனே இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஐந்தாவது முடித்ததும் மறுபடி முதலாவது. ஆக, எந்த நரியை எடுத்துக்கொண்டாலும் ஒரு நிமிடப் பேச்சு, நான்கு நிமிட மௌனம். இந்த மௌனத்தில்தான் ஆட்டமே இருக்கிறது என்பேன்! காட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவர் நான்கு நிமிடத்தில் ஏறக்குறைய 670 மீட்டர் போய்விடுவார். நரி வாயை மூடிய பிறகு அவர் அதன் பக்கத்திலேயே ஓடிக் கடந்துபோகலாம், சற்றுத் தள்ளி நின்று மூச்சு வாங்கலாம். பெட்டி மூச்சு விடாது.

எந்த நரி பேசுகிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. ஐந்தும் மோர்ஸ் குறியீட்டில் 'எம்', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும்: இரண்டு நீளம், பிறகு மூன்று நீளம். அதன்பின் முதல் நரிக்கு 'இ', அதாவது ஒரு புள்ளி. இரண்டாவதற்கு 'ஐ', இரண்டு புள்ளி. பிறகு 'எஸ்', 'ஹெச்', கடைசியாக '5' என்ற எண்: மூன்று, நான்கு, ஐந்து புள்ளிகள். மோர்ஸ் ஒரு எழுத்துகூடத் தெரியாத சிறுமியும் கடைசியில் வரும் 'டிட்'களை விரல் விட்டு எண்ணினால் போதும். முடிவிடத்தில் நிற்கும் வழிகாட்டி டிரான்ஸ்மிட்டர் வேறொரு அலைவரிசையில் வெறும் 'எம்ஓ' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும், இருட்டினாலும் வழி தவறாமல் வீடு வந்து சேருங்கள் என்பதுபோல.

ஒளிக்கிறவர்களின் இரகசியத் திட்டம் வாரக்கணக்கில் முன்பே வரைபட மேசையில் தொடங்கிவிடுகிறது. நினைத்த இடத்தில் பெட்டியை வைத்துவிட முடியாது. தொடக்க இடத்திலிருந்து 750 மீட்டருக்குள் நரி இருக்கக் கூடாது. நரிக்கும் நரிக்கும் இடையே குறைந்தது 400 மீட்டர் வேண்டும். இந்த வேலிக்குள் நின்றுகொண்டு எத்தனை குறும்பு செய்யலாம் தெரியுமா! ஐந்து நரிகளை எந்த வரிசையில் பிடிப்பது என்பதற்கு மொத்தம் 120 வழிகள். அதில் நல்லவை ஒன்றிரண்டுதான் இருக்கும். நரிகளின் இடங்களைத் திட்டமிடும் பாதை அமைப்பவர் அந்த ஒன்றிரண்டை வெளியே தெரியாமல் புதைக்கிறார். அருகில் இருப்பதுபோல் சத்தமாகக் கேட்கும் ஒரு நரி. அதை முதலில் பிடிக்க ஓடினால், பிறகு பள்ளத்தாக்கு முழுவதையும் திரும்ப ஏற வேண்டியிருக்கும். வயதுப் பிரிவுக்கேற்ப எல்லாரும் ஐந்தையும் தேட வேண்டியதில்லை. சிலருக்கு நான்கு, சிலருக்கு மூன்று. ஆகவே ஒரே காட்டுக்குள் பல வெவ்வேறு புதிர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. எழுபது வயதைத் தொட்டவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. அவர்கள் மெதுவாகத்தான் ஓடுவார்கள். ஆனால் ஒரு தப்படி வீணாக வைக்க மாட்டார்கள்.

இப்போது தொடக்க இடத்துக்கு வாருங்கள். இங்கே ஒரு தேர்வறைப் பதற்றம். ரிசீவர்களை எல்லாம் முன்கூட்டியே வாங்கி ஓரிடத்தில் வைத்துவிட்டார்கள். யாரும் ஒட்டுக்கேட்டுவிடக் கூடாது. கைபேசிக்கும் அனுமதியில்லை. தன் முறைக்குப் பத்து நிமிடம் முன்னால் கையில் ஒரு வரைபடம் வருகிறது. குன்று, ஓடை, ஒற்றையடிப் பாதை எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் அதில் குறித்திருப்பது இரண்டே இடங்கள்தான்: தொடக்கம், முடிவு. நடுவே இருக்கும் காடு முழுக்கக் கேள்விக்குறி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு குழு கிளம்பும். முதல் நரி வாய் திறக்கும் நொடியில் விசில். தொடக்கப் பாதையின் கோடிவரை ஓடி முடித்த பிறகே ரிசீவரைப் போடலாம். அந்தச் சில நொடிகளில் ஓடுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், காதில் இன்னும் எதுவும் விழாத முகம்!

போட்டியில் இரண்டு அலைவரிசைகள் உண்டு: 3.5 மெகாஹெர்ட்ஸ், 144 மெகாஹெர்ட்ஸ். ஹாம்கள் இவற்றை 80 மீட்டர், 2 மீட்டர் என்று அலைநீளத்தால் அழைப்பார்கள். இரண்டின் குணமும் அடியோடு வேறு. என் ஓட்டு 80 மீட்டருக்குத்தான். அதில் கையில் இருப்பது ஒரு சிறு பெட்டி, அதற்குள் ஆன்டெனாவாக ஒரு ஃபெரைட் தண்டு. தண்டைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். நரியின் கூவல் பெருகுகிறது, குறைகிறது, ஓரிடத்தில் சட்டென்று செத்துப்போகிறது! சத்தம் உச்சத்தில் இருக்கும் திசை அகலமானது, அதை வைத்துக் கோடு போட முடியாது. சத்தம் மறையும் புள்ளியோ ஊசிமுனை. தண்டின் முனை நேராக நரியை நோக்கும்போதுதான் அது மறையும். கேட்காத இடத்தைக் காதால் கண்டுபிடிப்பது! இதை முதல் தடவை உணர்கிறவர் யாராக இருந்தாலும் சிரித்துவிடுவார்.

ஆனால் தண்டுக்கு இரண்டு முனை. நரி முன்னாலா, பின்னாலா? அதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் பெட்டியின் பக்கத்தில் நிற்கும் சிறு கம்பியும் சேர்ந்துகொள்ளும். அதன்பின் ஒரு பக்கம் மட்டும் ஓங்கிக் கேட்கும், எதிர்ப்பக்கம் மங்கும். பொத்தான், திருப்பம், வரைபடத்தில் பென்சில் கோடு, ஓட்டம். அடுத்த சுற்றில் வேறொரு இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நரி. கோணத்தில் ஐந்து பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட 87 மீட்டர் தள்ளிப் போய்விடும். அடர்ந்த புதர்க்காட்டில் 87 மீட்டர் என்பது பெரிய உலகம்.

2 மீட்டர் நாளில் கதையே வேறு. கையில் மூன்று குறுக்குக் கம்பிகள் கொண்ட யாகி ஆன்டெனா. குறுகிய அலை, குன்றில் பட்டுத் தெறிக்கும், பாறையில் பட்டு வளையும், ஈர இலைகளில் நனைந்து இளைக்கும். திருவிழா நேரத்தில் கூம்பு ஒலிபெருக்கியின் பாட்டு எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி, கோயில் அந்தப் பக்கம் இருப்பதாக நம்மை நம்பவைக்குமே, அதே சங்கதி. பாதை அமைப்பவருக்கு இதைவிடப் பெரிய விருந்து ஏது? செங்குத்தான சரிவுக்கு இந்தப் பக்கம் நரியை வைப்பார். எதிர்ச்சரிவிலிருந்து அதன் எதிரொலி கணீரென்று வரும். அனுபவசாலிகள் உடனே ஓட மாட்டார்கள். நாலடி இடம் மாறி மறுபடி திசை பார்ப்பார்கள். நேராக வரும் அலையின் திசை அசையாது, எதிரொலியின் திசை அலைபாயும். இந்த ஒரு பொறுமைக்காகவே 2 மீட்டர் ஆட்டக்காரர்களை எனக்குப் பிடிக்கும்.

இதற்குத் தேவையான கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதுதான் எனக்குக் கூடுதல் சந்தோஷம். தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவு டேப் ஒன்றை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டி, பிவிசி குழாயில் மூன்று இடத்தில் கட்டினால் அருமையான யாகி தயார். புதருக்குள் நுழையும்போது டேப் மடங்கும், வெளியே வந்ததும் பட்டென்று நிமிரும். நம் நாட்டில் ஹாம்கள் கூடும் விழாக்களிலும் நரி வேட்டை உண்டு. பெட்டி அலை பரப்புவதால் அதற்கு உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் பொறுப்பு. தேடுகிறவர் கேட்க மட்டும்தானே செய்கிறார்! அதனால்தான் பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் இதில் பட்டாளமாகக் குதிக்கிறார்கள். சீனாவில் இது பள்ளி மாணவர்களிடையே செழித்து வளர்ந்த விளையாட்டு.

சரித்திரத்தையும் ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1950களின் பிற்பகுதியில் வட, கிழக்கு ஐரோப்பாவில் சூடுபிடித்த ஆட்டம் இது. 1961இல் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், 1980இல் போலந்தின் செட்னியெவோவில் முதல் உலக சாம்பியன்ஷிப். ஆசியாவுக்கும் பரவிய இந்த ஆட்டத்தின் 2018 உலகப் போட்டி தென்கொரியாவின் சொக்சோவில் நடந்தது. போதும், காட்டுக்குத் திரும்புவோம். அங்கே கடைசி நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது!

கடைசி நூறு மீட்டர்தான் மிகக் கடினம் என்று சொன்னால் நம்புவீர்களா? நரிக்கு மிக அருகில் வந்ததும் ரிசீவர் திணறிவிடுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அலறல், திசை என்ற ஒன்றே இல்லை. போட்டி ரிசீவரில் இதற்காகவே வலுக்குறைப்பான் இருக்கும். படிப்படியாகத் திருகிக் குறைத்துக்கொண்டே முன்னேறுவார்கள். வெறும் கையடக்க ஹேண்டி செட்டோடு வேட்டைக்கு வந்தவர்களுக்கும் வித்தைகள் உண்டு. ஆன்டெனாவைக் கழற்றிவிடலாம். அலைவரிசையைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேட்கலாம். 145 மெகாஹெர்ட்ஸில் பேசும் நரியின் மூன்றாம் மடங்கு அலையை 435இல் பிடிக்கலாம், அங்கே அது மிகவும் மெலிந்திருக்கும். எல்லாவற்றையும்விட எளிய வித்தை: செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்ற வேண்டும். நம் உடம்பே அலையை மறைக்கும். சத்தம் எப்போது மிகக் குறைகிறதோ, அப்போது நரி நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள்! நிமிடம் முடிந்தால் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது நம்பிக்கையோடு தேட வேண்டும். நரியின் அருகில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு முக்கோணத் துணிப் பட்டகம் தொங்கும், தூரத்திலிருந்து தெரியாதபடி, ஆனால் கிட்டே வந்தவருக்கு மறைக்காதபடி. நல்ல பாதை அமைப்பாளரை இந்த இடத்தில்தான் கண்டுகொள்ளலாம். ரேடியோவால் தீர்க்க வேண்டிய புதிரை அவர் புதரால் தீர்க்க முடியாததாக்க மாட்டார். விரலில் மாட்டிய மின்னணுச் சில்லை அங்கே இருக்கும் பதிவுப் பெட்டியில் செருகினால் 'பீப்'. ஒரு நரி கணக்கில் ஏறிவிட்டது. மூச்சு வாங்க நேரமில்லை, அடுத்த நரி ஏற்கெனவே பேசத் தொடங்கியிருக்கும்.

வெற்றிக் கணக்கு எளிது. அதிக நரிகளைப் பிடித்தவர் முன்னே. எண்ணிக்கை சமமானால் குறைந்த நேரம் எடுத்தவர் முன்னே. ஆனால் நேர வரம்பைத் தாண்டிவிட்டால் ஐந்தையும் பிடித்திருந்தாலும் கணக்கில் வராது. நான்கை முடித்துவிட்டு, ஐந்தாவது எங்கோ குன்றுக்கு அப்பால் கூவுகிறது, கடிகாரத்தில் இருபது நிமிடம் மீதி என்ற நிலையில் ஒருவர் எடுக்கும் முடிவு இருக்கிறதே, அதைப் பாதை அமைப்பவர் போன மாதமே வரைபட மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்திருப்பார்.

அவருக்குப் போட்டி நாளில் ஒரே ஒரு கவலைதான். ஐந்து பெட்டிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகின்றனவா? ஒன்று சில நொடி நழுவினாலும் இரண்டு நரிகள் ஒன்றின்மேல் ஒன்று பேசிக் குழப்பும். அதனால் முடிவிடத்தில் ஒரு ரிசீவரைக் காதில் வைத்தபடியே நடமாடுவார். யார் பேசினாலும் பாதி கவனம்தான்; மீதி, புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

கடைசி ஓட்டக்காரர் வந்து சேர்ந்ததும் வேடிக்கை ஆரம்பிக்கிறது. புல்வெளியில் வரைபடங்கள் விரிகின்றன. சேறு அப்பிய விரல்கள் தாம் ஓடிய வழியை அதில் வரைகின்றன. "மூன்றை ஏன் முதலில் எடுத்தாய்?" "நாலு இந்தப் பக்கம்தானே கேட்டது!" "எனக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது." ஒவ்வொருவர் போன பாதையும் வேறு. எல்லாரும் கேட்டது ஒரே கூவல்களை! பாதை அமைப்பவர் அவர்கள் நடுவே குந்தி உட்கார்ந்து, எந்தச் சரிவு யாரை ஏமாற்றியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்கிறார். நடுநடுவே கைதட்டிச் சிரிக்கிறார். அதற்குள் அவருடைய இரண்டு துணையாட்கள் காலி முதுகுப்பையோடு காட்டுக்குள் கிளம்பியாகிவிட்டது. ஐந்து நரிகளையும் இறக்கிக் கொண்டுவந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். நாளை மறுநாள் 2 மீட்டர் ஓட்டம். வேறு காடு, வேறு ஐந்து மறைவிடங்கள்.