வகுப்பறையை விடாமல் முதுகலைப் பட்டம்: சித்தூர், திருப்பதி ஆசிரியர்கள் தில்லியிடம் எதிர்பார்க்கும் தெளிவு

புது தில்லி: பணியில் உள்ள ஆசிரியர் ஒருவர், பள்ளிக்கு விடுப்பு எடுக்காமல் கற்பித்தல் துறையில் முதுகலைப் பட்டம் பெற முடியுமா? ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இக் கேள்வி புதிதல்ல. பல்கலைக்கழகங்களுக்கும் அங்கு குறைவில்லை. திருப்பதியில் 1954-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983-ல் தொடங்கப்பட்ட பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் உள்ளன. குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆனால் கேள்விக்கான விடை இவற்றின் கையில் இல்லை. தில்லியில் உள்ள இரு அமைப்புகளின் கையில் இருக்கிறது.

இணையவழிப் பட்டங்களுக்கு அனுமதி தருவது பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.). ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை ஒழுங்குபடுத்துவது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் (என்.சி.டி.இ.). அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெறும் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்தது. ஆனால் என்.சி.டி.இ.யின் 2014-ம் ஆண்டு விதிமுறைகளில், தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கும் பி.எட். படிப்புக்கும் மட்டுமே தொலைநிலை வழி உண்டு. எம்.எட். இரண்டாண்டு நேரடிப் படிப்பாகவே வகுக்கப்பட்டுள்ளது.

இதனால் பணியில் உள்ள ஆசிரியர்களில் பலர், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை தொலைநிலையில் வழங்கும் எம்.ஏ. (கல்வியியல்) படிப்பை நாடுகின்றனர். அமெரிக்காவிலோ, "பாடத்திட்டமும் கற்பித்தலும்" என்ற பெயரிலேயே பணியில் உள்ள ஆசிரியர்களுக்கான முதுகலைப் பட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் முழுவதும் இணையவழியில் நடத்துகின்றன. ஆசிரியரின் சொந்த வகுப்பறையே அங்கு ஆய்வுக்களமாக அமைகிறது.

ஆந்திரத்தில் தொடங்கிய பயிற்சி: இணையவழியில் ஆசிரியருக்குப் பயிற்சி அளிப்பதில் தில்லிக்குத் தயக்கம் இருந்ததில்லை. 2019-ல் தொடங்கிய "நிஷ்டா" பயிற்சித் திட்டம், கொரோனா காலத்தில் இணையத்துக்கு மாற்றப்பட்டபோது முதலில் தேர்வான மாநிலம் ஆந்திரம்தான். 2020 ஜூலை 16-ல் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ரமேஷ் போக்ரியால், அம் மாநிலத்தின் 1,200 முதன்மைப் பயிற்சியாளர்களுக்கான திட்டத்தைக் காணொலி மூலம் தொடக்கி வைத்தார். அதே மாத இறுதியில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்றது. ஆனால் இப் பயிற்சிகள் சான்றிதழோடு நின்றுவிடுகின்றன. எத்தனை மணி நேரம் கற்றாலும் அது ஒரு பட்டமாகத் திரள்வதில்லை.

14 லட்சம் பேர் கற்ற பாடம்: பட்டமோ பட்டயமோ தந்தாலும், அதன் மதிப்பை முன்கூட்டியே உறுதி செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. அதற்காகத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் தொடங்கிய 18 மாதப் பட்டயப் படிப்பில், நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் ஆசிரியர்கள் சேர்ந்தனர். "ஸ்வயம்" இணையதளமும் தொலைக்காட்சி அலைவரிசையும் அவர்களுக்கு வகுப்பறைகளாயின.

படிப்பு முடிந்த பின்னரே சிக்கல் எழுந்தது. புதிய நியமனங்களுக்கு இப் பட்டயம் செல்லாது என்று 2019-ல் என்.சி.டி.இ. கூறியது, பாட்னா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் அதை ஏற்க மறுத்தது. 18 மாதப் படிப்பு இரண்டாண்டுப் பட்டயத்துக்கு இணையாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்ட் 10-ல் பணியில் இருந்து, 2019 ஏப்ரல் 1-க்கு முன் படிப்பை முடித்தவர்களுக்கு அது செல்லும் என்ற விளக்கம் 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. அரசே அழைத்து நடத்திய படிப்பின் மதிப்பை அறிய, ஆசிரியர்கள் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களை நாட வேண்டியிருந்தது.

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கவலையை மேலும் கூட்டியது. ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது அத் தீர்ப்பு. பல்லாண்டு அனுபவம் உள்ளவரும் வேலையைக் காக்கத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நிலையில், உயர்கல்விக்காகச் செலவிடும் காலமும் பணமும் எதற்குப் பயன்படும் என்ற கேள்வி அலட்சியப்படுத்தத் தக்கதல்ல.

எல்லையோரத் தமிழ் வகுப்புகள்: 1960 ஏப்ரலில் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர்கள் பல சித்தூர் மாவட்டத்திலேயே தங்கின. அங்கு தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு, தமிழில் கற்பித்தல் குறித்த உயர்கல்வி இயல்பாகக் கிடைக்கக்கூடியது தமிழக எல்லைக்குள்தான். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையங்களை நடத்தக் கூடாது என்று 2013-ல் யு.ஜி.சி. அறிவுறுத்தியது. கட்டுப்பாடற்றுப் பெருகிய மையங்களைத் தடுக்க அது தேவைப்பட்டது என்பதை மறுக்க இயலாது. இணையவழிப் படிப்புகளுக்கு இந்த எல்லை பொருந்தாது என்பதால், அனுமதி கிடைத்தால் முதலில் பயன்பெறுவோரில் இந்த எல்லையோர ஆசிரியர்களும் இருப்பர்.

மதனப்பள்ளி தந்த அட்டைகள்: பணியில் உள்ள ஆசிரியர்களால் பாடத்திட்டம் வகுக்க இயலுமா என்று ஐயுறுவோருக்கும் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே விடை உண்டு. மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி கல்வி மையம், ஒரே அறையில் பல வகுப்புகள் நடக்கும் கிராமப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளையும் ஏணி முறையையும் உருவாக்கியது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேறும் முறை அது. அதைக் கற்றுவந்த சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள், தங்கள் பள்ளிகளுக்கேற்ப அட்டைகளைத் தயாரித்தனர். 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. இந்தப் பணி எதற்கும் எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் வழங்கவில்லை.

திருப்பதியில் பயின்ற மாணவர்: 1896 முதல் நான்காண்டுகள் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். பின்னாளில் அவர் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், சில ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றிய பிறகே கல்வியியல் முதுகலைப் பட்டத்தில் சேர ஊக்குவிக்க வேண்டும் என்று 1949 அறிக்கையில் பரிந்துரைத்தது. பணியில் இருப்பவரை விலக்கி வைக்கும் இன்றைய நேரடிப் படிப்பு விதி, அப் பரிந்துரைக்கு நேர் எதிராகவே அமைந்துள்ளது.

மாற்றத்துக்கான அறிகுறி இல்லாமல் இல்லை. பணியில் உள்ளோருக்காக இரண்டாண்டுப் பகுதிநேர எம்.எட். படிப்பை, 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிமுறைகள் முன்மொழிந்தன. யு.ஜி.சி., என்.சி.டி.இ. உள்ளிட்ட அமைப்புகளை ஒரே ஆணையத்தின் கீழ்க் கொண்டுவரும் மசோதாவும் 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

ஆனால் பகுதிநேரம் என்பது மாலை நேரக் கல்லூரி வகுப்பு மட்டுமே என்றால், 150 கிலோமீட்டருக்கும் அப்பால் குப்பத்தில் பணிபுரியும் ஆசிரியருக்குத் திருப்பதி எட்டாத தொலைவாகவே இருக்கும். பாடங்களில் எவ்வளவு பகுதியை இணையவழியில் நடத்தலாம், சொந்தப் பள்ளியில் செய்யும் பணி மதிப்பெண்ணாகுமா, பதவி உயர்வுக்கு எல்லா மாநிலங்களிலும் இப் பட்டம் ஏற்கப்படுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விதிமுறையிலேயே விடை எழுதப்பட வேண்டும். மாணவர் சேர்க்கை தொடங்கும் முன்பே அந்த விடை வந்தாக வேண்டும்.