மணலுக்குள் ஒரு வெள்ளை முட்டை

கரையோரத்தில் நீண்ட காலோடு எது நின்றாலும் அதைக் கொக்கு என்று சொல்லிவிடுவது நம்மில் பலரது வழக்கம். இந்தப் பழக்கத்தினால், மன்னார்க் கரைக்குப் போயும் நண்டுண்ணியைக் கவனிக்காமலே திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

நண்டுண்ணி இலங்கையில் அரிதாகவே தென்படும் பறவை. அலகு நுனியிலிருந்து வால் வரை சுமார் 40 சென்றிமீற்றர் நீளம். உடல் வெள்ளை, முதுகும் சிறகின் நீண்ட இறகுகளும் கறுப்பு, கால்கள் நீலம் கலந்த சாம்பல். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அப்பகுதியில் சாதாரணமாகக் காணப்படும் நெடுங்கால் உள்ளானும் கறுப்பு வெள்ளைதான். அலகைப் பாருங்கள். உள்ளானுக்கு அது ஊசி போல் மெல்லியது, கால்களோ இளஞ்சிவப்பு. நண்டுண்ணியின் அலகு கறுத்துத் தடித்த குத்துவாள். சிறிது தூரம் ஓடும், சட்டென நிற்கும், குத்தும். சிறிய நண்டை அப்படியே விழுங்கிவிடும். பெரியதை உடைத்துத் தின்னும்.

பறவையியலாளர் இதனைத் தனியொரு குடும்பமாகவே வகுத்துள்ளனர். அக்குடும்பத்தில் வேறு இனமே கிடையாது. அதன் குடித்தனத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஏனைய கரைப்பறவைகள் பெரும்பாலும் திறந்த தரையில், மண்ணின் நிறத்தில் புள்ளியிட்ட மூன்று நான்கு முட்டைகளை இடும். நண்டுண்ணியோ மணலில் ஒரு மீற்றருக்கும் கூடிய நீளத்தில் வளை தோண்டி, அதன் முடிவில் பெரும்பாலும் ஒரேயொரு முட்டையை இடுகிறது. இருட்டில் ஒளிந்திருக்கும் முட்டைக்கு நிறம் எதற்கு? அது தூய வெள்ளை. வெயிலில் காய்ந்த மணலின் சூடு அடைகாக்கும் வேலையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கிறது. குஞ்சு பொரித்தபின் வளைக்குள்ளேயே இருக்க, பெற்றோர் நண்டு கொண்டுவந்து ஊட்டுகின்றன.

குவைத், ஈரான், சவூதி அரேபியா, எரித்திரியா முதலிய நாடுகளின் தீவுகளே இதன் பிரதான இனப்பெருக்க இடங்கள். இலங்கையில் தலைமன்னாருக்கு அப்பாலுள்ள ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் இது கூடு கட்டியமை பதிவாகியுள்ளது. அத்திட்டுகள் 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன.

பிரகடனம் நல்லதுதான். ஆனால் வளையின் கூரை வெறும் மணல். மேலே ஒரு மனிதன் நடந்தால் இடிந்துவிடக்கூடும். எலியோ பூனையோ தீவில் ஏறினால் முட்டையும் குஞ்சும் தப்புவது கடினம். மற்றப் பறவைக்கு நான்கில் ஒன்று போனால் மூன்று மிஞ்சும். இதற்கு அந்த ஒன்றோடு அவ்வருட முயற்சியே போய்விடும். ஆகவே இனப்பெருக்க காலத்தில் அருகே சென்று படமெடுக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

மற்றக் காலங்களில் சேற்றுத்தரையில் இரை தேடும்போது தொலைநோக்கியால் தாராளமாகப் பார்க்கலாம். முதுகு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தால் அது இளம் பறவை. நன்றாகப் பறக்கத் தெரிந்தும், கடல் கடந்து வந்தும், தாய் தகப்பனின் பின்னால் சத்தமிட்டு ஓடி இன்னும் நண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.