காம்பவுண்ட் வில்: விளம்பரத்தில் சொல்ற வேகம் நம்ம கையில் வருமா?

வெளிநாட்டில் வேட்டைக்கென விற்கும் காம்பவுண்ட் வில்லின் விளம்பரத்தில் நொடிக்கு 340 அடி வேகம் என்று போட்டிருக்கும். ஆனால் அது 70 பவுண்ட் இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) அம்பு என்ற கணக்கில் எடுத்தது. கை நீளம் குறைந்தாலோ, அம்பு கனமானாலோ வேகமும் குறையும். உங்க அம்பையே குரோனோகிராஃப் கருவி வழியாக நாலைந்து முறை எய்து பார்த்தால்தான் உண்மை தெரியும். வேகத்துக்காக அம்பை ரொம்ப லேசாக்கினால் வில்லே உடையலாம்.

துல்லியம் வேற கதை. ஒரு அம்பு நடுவில் குத்தினால் போதாது, எல்லாமே நெருக்கமாக விழணும். போட்டியில் 50 மீட்டர் தூரத்தில் 10 புள்ளி வட்டம் வெறும் 8 சென்டிமீட்டர்தான். காற்றாலைகள் சுழலும் ராதாபுரம் பக்கம் ஆடி மாதத்தில் சோதித்தால் பக்கக் காற்று அம்பைத் தள்ளிவிடும். பழி வில் மேல விழும்!

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயலை எய்தாலும் குற்றம். அதனால் இங்கே இந்த வில்லுக்கு இலக்குப் பலகை மட்டும்தான். அங்கேயும் 60 பவுண்டுக்கு மேல் அனுமதியில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கமும் இந்தியாவுக்கே வந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக இது முதல்முறை இடம்பெறுகிறது.